போகாதவருக்கு ஒரு பிரியாவிடை

கேக் வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்தபோது பளீல் நானா கேக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கேக்கின் மேல் சிவப்பு ஐசிங்கில் ‘சுப கமனக்’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. பயணம் நல்லபடி அமையட்டும் என்று அர்த்தம். பக்கத்தில் ஐசிங்கிலேயே ஒரு குட்டி விமானம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் ஓட்டோவுக்குள் காத்திருந்ததில் அதன் ஒரு இறக்கை உருகிப்போயிருந்தது.

“மிஸ், யாரு போறது?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போகிறவர்கள் கடைசி நேரத்தில் இப்படி ஒன்றும் தெரியாதவர்போல நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். “சும்மா இருங்க நானா. வெட்டுங்க,” என்றேன்.

வெளியே நல்ல மழை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல். மேசையில் ரோல்ஸும் பெட்டிஸும் வாழைப்பழமும். பால் தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில், எல்லோருக்கும் தெரிந்த ரகசியமாக, சில்லு வைத்த ஒரு நீலப் பயணப்பெட்டி.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பிரதேச செயலகத்தின், எங்கள் கந்தோரின், பெயர் வேண்டாம். நான் அங்கே சீஃப் கிளாக்காக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். அந்தப் பதவிக்கு இப்போது நீளமான பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைத் தவிர வேறெதுவும் நீளவில்லை.

கந்தோர் முழுவதும் அன்று மாநாட்டு அறையில் கூடியிருந்தது. ‘முழுவதும்’ என்று எழுதுவதே பழக்கதோஷம்தான். ஒரு காலத்தில் பிரியாவிடை என்றால் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்போம். அன்று எல்லோரும் உள்ளே உட்கார்ந்த பிறகும் கதிரைகள் மிச்சமிருந்தன.

கடிகாரம் போய்ப் பெட்டி வந்தது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் நியமனத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பேராதனையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘அவ்வளவு கொண்டாடிய வேலையை இன்று ஏன் எல்லோரும் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்?’

அம்மா, நீங்கள் எந்தக் கந்தோரிலும் வேலை செய்ததில்லை என்று நினைக்கிறேன். நல்லது.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் நலன்புரிச் சங்கம் பிரியாவிடைக்குச் சுவர்க் கடிகாரம்தான் கொடுக்கும். போகிறவர் பென்ஷனில் போவார். இனிமேல் எந்த நேரத்துக்கும் எங்கேயும் போகவேண்டியதில்லை என்ற மனிதருக்குக் கடிகாரம் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சந்தோஷமாக வாங்கிப் போய் வீட்டுச் சுவரில் மாட்டுவார்.

இப்போது கடிகாரம் கொடுப்பதில்லை. பயணப்பெட்டி கொடுக்கிறோம். போகிறவருக்கு வயதும் அறுபது இல்லை. முப்பது, முப்பத்தைந்து.

என் கணவர் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். எனக்கு வேலை கிடைத்ததும் வீட்டுக்கு வந்த சம்பந்தங்களில் பாதி என்னைப் பார்க்க வந்தவை அல்ல, என் பென்ஷனைப் பார்க்க வந்தவை. இவரும் அந்தப் பாதியில் ஒருவர்தான். அதை ஒருநாளும் மறைத்ததில்லை. “ஒன்ன கட்டிக்கிட்டதே வயசான காலத்துல ஒன் பென்ஷன்ல நிம்மதியா டீ குடிக்கத்தான்” என்பார். இப்போது பென்ஷன் வருகிறது. டீயும் குடிக்கிறார். நிம்மதியைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வாசித்துத் தேய்ந்த சுற்றறிக்கை

நாடு கடனில் விழுந்து, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாங்கள் வரிசையில் நின்று களைத்த காலத்துக்குப் பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர் விரும்பினால் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கலாம். சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க முடியாதபோது சம்பளமே இல்லாமல் லீவு கொடுப்பது கெட்டிக்கார யோசனைதான்.

எங்கள் கந்தோரில் எந்தச் சுற்றறிக்கையையும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் யாரும் வாசித்ததில்லை. இதை மட்டும் மூலை கிழியும் வரை வாசித்தார்கள். காணிப் பகுதியில் இருந்த பொடியன் கொரியாவுக்குப் போனான். கணக்குப் பகுதியில் இருவர் ருமேனியாவுக்குப் போனார்கள். பதிவுப் பகுதி ரிஸ்வானா டோஹாவுக்குப் போனாள். போகிறவர் நல்ல கதிரையைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அதனால் மிஞ்சிய எங்களுக்கு வேலை மட்டுமல்ல, கதிரையும் கூடியது.

மிஞ்சியவர்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். நலன்புரிச் சங்கச் செயலாளர் சந்திரிகா போன் வழியாக பட்டிக் சட்டை விற்றாள். இன்னொருவர் டியூஷன் கொடுத்தார்.

ஒருநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போக அவசரமாக ஒரு ஓட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். ஓட்டுவது எங்கள் கந்தோர்க் காசாளர். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். இருவரும் ஆஸ்பத்திரி வாசல் வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். இறங்கும்போது அவர் கூலி வாங்க மாட்டேன் என்கிறார், நான் கொடுக்காமல் இறங்க மாட்டேன் என்கிறேன். பின்னால் பஸ் ஹோன் அடிக்கிறது. கடைசியில் வாங்கிக்கொண்டார். மறுநாள் சம்பள நாள். அதே கையால் எனக்குச் சம்பளச் சீட்டைத் தந்து, “சரியா பாத்துக்கொள்ளுங்க மிஸ்” என்றார். பார்த்தேன். ஓட்டோவே மேல் என்று இருவருக்கும் தோன்றியது.

நானா

பளீல் மடவளை ஊரவர். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். இவர் வயதில் எனக்கு மிகவும் இளையவர். ஆனாலும் சிங்களவர், தமிழர் எல்லோருக்கும் அவர் நானாதான், எனக்கும் நானாதான். எங்கள் கந்தோரின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தமிழ்க் கவுண்டரும் அவர்தான்.

நான் வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் வருவேன். மடவளையில் அவர் ஏறுவார். முடிந்தால் பக்கத்தில் என் கைப்பையை வைத்து அவருக்கு இடம் பிடித்து வைப்பேன். கண்டி போய்ச் சேரும் வரை பேச்சு. கந்தோரில் பேச நேரமில்லாததால் கந்தோரைப் பற்றிய எல்லாவற்றையும் பஸ்ஸில்தான் பேசி முடிப்போம்.

தமிழ்க் கவுண்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஒருவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்கி வருவார். கையில் நாங்களே அனுப்பிய கடிதம் இருக்கும். அது சிங்களத்தில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களிடமே கேட்க வந்திருப்பார். நானா வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதி, எந்த அறைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார். கடிதத்தைத் தமிழிலேயே அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அனுப்பலாம். அதற்கு இன்னும் மூன்று பளீல்கள் வேண்டும்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நானும் அவரும் மட்டும்தான். எனக்கு அந்த வருட முடிவில் பென்ஷன். அவரும் போய்விட்டால் அந்தக் கவுண்டரை மூட வேண்டியதுதான். இந்தப் பயம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதனால்தான் அடுத்து நடந்ததை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

மாப்பு

ஒரு திங்கட்கிழமை காலை நானா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மிஸ், இவ்வளவு காலம் ஒன்டா வேல செஞ்சம். நான் ஏதாச்சும் பேசி, நடந்து, உங்கட மனசு நொந்திருந்தா மாப்புத் தாங்க.”

“என்ன நானா, திடீர்னு?”

“ஒன்டுமில்ல மிஸ். தந்துட்டேன்டு செல்லுங்க.”

“தந்துட்டேன். ஆனா எதுக்கு?”

மன்னிப்புத்தான் அவர்கள் பேச்சில் மாப்பு, சொல்லுங்க என்பது செல்லுங்க. அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். காசாளரிடம் கேட்டார். சந்திரிகாவிடம் சிங்களத்தில் கேட்டார். அவள் அவருக்கு ஏதோ பெரிய நோய் என்று நினைத்து அழவே தொடங்கிவிட்டாள். காரியாலய உதவியாளர் அஜித் மட்டும் சந்தர்ப்பத்தை வீணாக்கவில்லை. எப்போதோ இரவல் வாங்கித் திருப்பித் தராத குடை ஒன்றை ஞாபகப்படுத்தினான். மறுநாள் நானா புதுக் குடை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கேள்விப்பட்ட காசாளர், தனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் வரவில்லையே என்று நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் நானா அரை நாள் லீவு எடுத்தார். அஜித் அன்று கந்தோர் வேலையாக டவுனுக்குப் போனவன், மூச்சுவாங்க ஓடி வந்தான். “நானாவை பாஸ்போட் வரிசையில் என் கண்ணால் கண்டேன்” என்று சிங்களத்தில் சொன்னான்.

மாப்பும் பாஸ்போட்டும். இரண்டையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று எங்கள் கந்தோரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவரிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. வெளிநாடு போகிறவர் விசா கைக்கு வரும் வரை வாய் திறக்க மாட்டார். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். தெரிந்தவர்களும் தெரியாததுபோல இருப்பதுதான் மரியாதை. நாங்கள் அந்த மரியாதையைக் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. ருமேனியாவுக்குப் போனவர்களில் ஒருவர் பிரியாவிடை வைப்பதற்கு முன்பே பறந்துவிட்டார். அவருக்கென்று வாங்கிய நீலப்பெட்டி சங்கத்தின் அலுமாரிக்கு மேல் கிடந்து தூசு பிடித்தது. இந்த முறை அப்படி நடக்கக்கூடாது என்று சந்திரிகா முடிவு செய்தாள். நானாவுக்குச் சொல்லாமல் ஏற்பாடு நடந்தது.

மாப்புக் கேட்பதற்கு அர்த்தம் சொல்லக்கூடிய இன்னொரு முஸ்லிம் எங்களிடம் இருந்தாள். ரிஸ்வானா. அவள்தான் டோஹாவில் இருந்தாளே.

தன் புகழைத் தானே மொழிபெயர்த்தவர்

ஆக, கேக்குக்கு முன்னால் கத்தியோடு நிற்கும் நானாவிடம் திரும்பி வருகிறேன்.

அவர் இன்னும் வெட்டவில்லை. வெட்டுவதற்குள் மேடம் பேச எழுந்துவிட்டார். மேடம் என்றால் எங்கள் பிரதேச செயலாளர். கண்டிச் சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர், நியாயமானவர். யாரையும் முகத்துக்கு முன்னால் புகழ்ந்து நான் பார்த்ததில்லை. அன்று புகழ்ந்தார்.

கவுண்டர்கள் எல்லாம் பூட்டியிருந்தன. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த தோட்டத்து ஆட்கள் சிலரை, பாவம் கேக்காவது சாப்பிடட்டும் என்று அஜித் உள்ளே கூட்டி வந்திருந்தான். மேடம் அவர்களைக் கண்டதும் பழக்கத்தில் பேச்சை நிறுத்தி, “நானா, தெமளென் கியன்ன” என்றார். தமிழில் சொல்லுங்கள் என்று.

நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“மேடம் எல்லாருக்கும் நன்றி செல்றாங்க.”

ஒரு தோட்டத்துக்காரர் விடவில்லை. “அம்புட்டு நேரம் பேசுனாங்க, இவ்வளவுதானா?”

“மத்ததெல்லாம் என்னப் பத்தி. அது தேவல்ல.”

அறை சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். நானா போவது கந்தோருக்கு எவ்வளவு பெரிய இழப்பு, ஐந்து பேர் வந்தாலும் அவருடைய இடத்தை நிரப்ப முடியாது, வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவரைப் பார்த்தார்.

நானா வாயைத் திறந்தார். “மேடம் என்ன செல்றாங்கன்டா, நான்...” என்று தொடங்கி, நின்றார். “நான் போறதாம்.”

மீண்டும் சிரிப்பு. அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து சந்திரிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் மேடத்தின் பக்கம் திரும்பி, “மேடம், மம கொஹேவத் யன்னே நே” என்றார்.

நான் எங்கேயும் போகவில்லை.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அஜித் முன்னால் வந்து, நான் என் கண்ணாலேயே வரிசையில் கண்டேனே என்றான், பொய்ச்சாட்சி என்று யாராவது பிடித்துவிடுவார்களோ என்ற குரலில்.

“அது உம்மாக்கும் எனக்கும். உம்மாவ உம்ராவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போறன்,” என்றார் நானா. மக்காவுக்குப் போக நினைத்தால் முதலில் மனிதர்களிடம் மாப்புக் கேட்டு மனதைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் பாஸ்போட் படிவத்தையே தொட வேண்டும் என்பது அவருடைய தாயின் கட்டளை.

“அத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே நானா!” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கந்தோர்ச் சம்பளத்துல உம்ராவான்டு கேப்பீங்க. மச்சான்தான் துபாயிலேந்து காசு அனுப்புறாரு. அதச் செல்ல வெக்கமா இரிந்திச்சி மிஸ்.”

சந்திரிகா மெதுவாக, “அப்ப கேக்?” என்று கேட்டாள்.

“வெட்டுங்கள். அதுவும் பயணம்தானே,” என்றார் மேடம். அவருடைய முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. போகிறவருக்காக அழ வேண்டும் என்று கைக்குட்டையோடு போனவள், போகாதவருக்காக அதைப் பயன்படுத்தினேன். ரோல்ஸ் அன்று நல்ல ருசி. நீலப்பெட்டியையும் அவருக்கே கொடுத்துவிட்டோம்.

வழியனுப்பிய பிறகு

மறுநாள் பளீல் நானா கந்தோருக்கு வந்தார். அதுதான் பிரச்சினை.

அவருடைய நல்ல கதிரை அதற்குள் கணக்குப் பகுதிக்குப் போயிருந்தது. திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம், திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். தேநீர் கொண்டுவரும் அஜித், போனவர்களைக் கழித்துப் பழகிய பழக்கத்தில் ஒரு கோப்பையைக் குறைத்துக் கொண்டுவந்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டான். பக்கத்துக் கந்தோர்க்காரர்கள் வழியில் கண்டால் “இன்னும் போகல்லயா?” என்றார்கள். மடவளையில் அவர் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதை ஊரே பார்த்திருந்தது. பள்ளிவாசலில் எந்த நாடு என்று கேட்டார்களாம். இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. கண்ணூறுக்குப் பயந்து மறைக்கிறார் என்று அவர்களும் மரியாதையாக இருந்துவிட்டார்கள்.

சந்திரிகா மேடத்தின் பேச்சை வீடியோ எடுத்துக் கந்தோர்க் குழுவில் போட்டிருந்தாள். ஒருநாள் காலை பஸ்ஸில், பாலத்தை நெருங்கும்போது, நானா அந்தப் பேச்சை எடுத்தார்.

“வீட்டுக்காரி அந்த வீடியோவ திரும்பத் திரும்பப் பாக்குறா மிஸ்.”

“சந்தோஷம்தானே?”

“சந்தோசமில்ல. அஞ்சு பேரு வந்தாலும் நெரப்ப ஏலாத ஆளுக்கு, ஒரு ஆளுட சம்பளமே ஒழுங்கா குடுக்கல்லயேன்டு கேக்குறா. நான் என்ன பதில் செல்ல?”

பஸ் பாலத்தின் மேல் நின்றது. கீழே மகாவலி கலங்கலாக ஓடியது. எனக்குத் தெரிந்த எல்லாப் பதில்களையும் யோசித்தேன். அரசாங்க வேலைக்குச் சேரும்போது எனக்குச் சொல்லப்பட்டவை, நான் மற்றவர்களுக்குச் சொன்னவை, எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றைத் தூசு தட்டி எடுத்தேன்.

“பென்ஷன் இருக்கே நானா.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கேலியும் இல்லை. “மிஸ்ஸுக்குத்தான் வருசக் கடைசியில வருதே. எடுத்துப் பாத்துட்டுச் செல்லுங்க,” என்றார்.

இடையூறு ஏற்படாது

அவர் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், உம்ராவை முடித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு மேசையிலும் பேரீச்சம்பழமும் சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீரும் வைத்தார். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு என் மேசையில் இன்னொன்றையும் வைத்தார். சம்பளமில்லா லீவு விண்ணப்பம். கட்டாரில் ஒரு கம்பனியில் களஞ்சியக் கணக்கு வேலை. ஊர்க்காரர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். எப்படியும் போகத்தானே போகிறாய் என்றுதான் அவர் கேட்டாராம்.

“நானா, நான் வருஷக் கடைசியில போயிருவேன். பொறகு அந்தக் கவுண்டர்ல யாரு?”

“தெரியும் மிஸ். அத நெனச்சித்தான் இவ்வளவு நாளும் போகாம இரிந்தது.”

“ஒரு வருஷம் பொறுக்க ஏலாதா?”

“மூத்தவள் ஏ லெவல் பரீட்ச எடுக்குறா. அவ ஒரு வருசம் பொறுப்பாளா?”

நான் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அன்று பிரியாவிடையில் மேடம் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவருடைய வீட்டுக்காரியின் கேள்விக்குத்தான் நான் வலுச் சேர்க்கிறேன் என்று எனக்கே விளங்கியது. நிறுத்திக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் சீஃப் கிளாக் நிரப்ப வேண்டிய ஒரு வரி இருந்தது. இவர் லீவில் செல்வதால் அலுவலகக் கடமைகளுக்கு இடையூறு ஏற்படுமா? ஏற்படும் என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளையின் ஏ லெவலை நான் என்ன செய்வது? ‘ஏற்படாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவரும் போட்டார்.

இரண்டாவது பிரியாவிடை வைக்க முடியவில்லை. சங்கத்தின் யாப்பு விதிகளில் ஓர் அங்கத்தவருக்கு ஒரு பிரியாவிடைதான். சந்திரிகா இதைச் சொல்ல மிகவும் சங்கடப்பட்டாள். “எனக்குத்தான் தந்திட்டீங்களே,” என்றார் நானா. கடைசி நாளன்று பின்னேரம் வழக்கம்போலத் தேநீர் குடித்தார், கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார், மேசை லாச்சிச் சாவியை என்னிடம் தந்தார். மடவளை வரை ஒன்றாகத்தான் பஸ்ஸில் போனோம். அவர் இறங்கியதும் எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்று கொண்டக்டர் மிச்சக் காசு தராததற்கு அவனோடு நன்றாகச் சண்டை பிடித்தேன்.

புதிதாக ஒருவரைத் தரும்படி மேலிடத்துக்கு எழுதினோம். பதில் வந்தது. அந்தப் பதவி வெற்றிடமாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். அவர் லீவில்தான் இருக்கிறார். காகிதப்படி எங்கள் கந்தோரில் இன்றும் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்.

வாங்கில்

பென்ஷனுக்குப் போன பிறகு ஒருநாள், எனக்கு வேண்டிய ஒரு கையெழுத்துக்காக அங்கே போனேன். இந்த முறை வெளி வாங்கில், மற்றவர்களோடு மற்றவளாக உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து பார்த்த காலத்தில் அந்த வாங்கு அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

தமிழ்க் கவுண்டரில் யாரோ புதுப் பையன். சிங்களப் பிள்ளை, சாந்தமான முகம். இன்னும் இரண்டு பகுதிகளை அவனே பார்க்கிறானாம். அவனுக்கு முன்னால் நின்ற தோட்டத்துப் பெண்ணிடம் “லீவு, லீவு” என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கடிதத்தோடு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“லீவுங்கிறாரு. அப்ப வந்துருவாருதானேங்க? நான் இருந்து பாத்துட்டே போறேன்.”

“எங்கேயிருந்து வாறீங்க?”

“ஹந்தானை மேல் டிவிசன். இன்னிக்கு பேர் போடல.”

பேர் போடவில்லை என்றால் வேலைக்குப் போகவில்லை, சம்பளம் இல்லை. நான் கையை நீட்டினேன். அவள் யோசித்துவிட்டுக் கடிதத்தைத் தந்தாள். அவளுடைய தாயின் முதியோர் கொடுப்பனவைப் பற்றியது. வாசித்துச் சொன்னேன். எந்த அறைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னேன். அவள் எழுந்ததும் அந்த இடத்தில் ஒரு வயதான ஆள் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தன் கடிதத்தை நீட்டினார். அதையும் வாசித்தேன்.

கவுண்டர்ப் பையன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து தடுப்பானோ என்று நினைத்தேன். எழுந்தான். அடுத்து வரிசையில் நின்றவரிடம் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினான்.

என்னுடைய பத்திரத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வந்தவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.